பனியில் ஹை பீம்

அத்தியாயம் 4

வேனின் பின் சீட்டில் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. அதன் மேல் ஈக்கள். சீட்டுக்கு அடியில் பள்ளிக் குழந்தை ஒன்று மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில். மூடியில் ஒரு பொம்மை முயல். முயலின் காதிலும் ரத்தம்.

சர்வேயர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்து, வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள் அவள். வேலை போனாலும் பட்டப்பெயர் போகவில்லை. இப்போதும் எல்லோருக்கும் அவள் சர்வேயர்தான், ஒருவனைத் தவிர.

"அண்ணி, கழுவறதுக்கு ஒரு பக்கெட் தண்ணிகூடவா இந்த போலீஸ் ஸ்டேஷன்ல இல்ல?" என்றான் அந்த ஒருவன். அவள் கணவனின் தம்பி. ஆபீஸில் அவளுக்கு உதவியாள். வேறெந்த முதலாளியும் அவன் வாயைத் தாங்கவில்லை.

"கழுவக்கூடாதாம். சாட்சியம்."

"ஈயுமா? எல்லாத்துக்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்களா?"

"வாயை மூடு. உள்ள போயிடப் போகுது."

கொழுந்தன் வாயை மூடினான். ஈக்குப் பயந்துதான்.

வேன்காரரின் மனைவி சற்றுத் தள்ளி நின்றாள். வேனை நேராகப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் மதில் ஓரம் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளாகத் தூங்காத முகம்.

"மறுபடி ஒரு தடவை சொல்லுங்க," என்றாள் சர்வேயர்.

"அவரு விடியக்காலைல ஏரிக்கரை ரோட்டுல வேனை எடுத்துட்டுப் போனாருங்க. பிள்ளைங்களை ஏத்தறதுக்கு. செம பனி. ரோட்டோரம் சைக்கிள் கிடந்துச்சு, பேப்பர் எல்லாம் சிதறி. பள்ளத்துல பேப்பர்காரர். தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. அவ்வளவுதாங்க. காப்பாத்தின மனுஷனைப் பிடிச்சு நீதான் இடிச்சேன்னு உள்ள வெச்சுட்டாங்க."

"பேப்பர்காரர் எப்படி இருக்காரு?"

"இன்னும் கண்ணு திறக்கல."

"உங்க வீட்டுக்காரர் வேற வண்டி எதையும் பார்க்கலையா?"

"முன்னால ஒரு வண்டி போச்சுன்னு சொல்றாரு. பனி முழுக்க வெள்ளையா எரிஞ்சுக்கிட்டுப் போச்சாம். ஹை பீம். ஸ்டேஷன்ல இதைச் சொன்னதும் சிரிச்சாங்க. பனியில எந்தப் பைத்தியக்காரன்யா ஹை பீம் போடுவான்னு கேட்டாங்க. மறுநாள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வந்து, அது என் வண்டிதான், நான் எதிர்ப்பக்கமா வந்தேன், வேன் சைக்கிளை இடிச்சதைக் கண்ணால பார்த்தேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அதோட சிரிப்பு நின்னுபோச்சு." அவள் நிறுத்தினாள். "இவருக்கும் கண்ணு கொஞ்சம் சரியில்லைங்க. எதிர் வண்டி வெளிச்சம் பட்டா கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது. யாருக்கும் சொல்லாம சமாளிச்சுக்கிட்டு இருந்தாரு. அதையும் கேஸ்ல சேர்த்துட்டாங்க."

"வண்டியை நீங்க எப்பவாவது ஓட்டுவீங்களா?"

"நானா? எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க."

வேன் கதவைச் சாத்தக் கை நீட்டினாள். இடது கை விரல் முட்டிகள் நான்கிலும் கன்றிப்போன தடம். நீலம் மாறி மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"கையில என்ன?"

"இந்தக் கதவுலதாங்க. நசுங்கிடுச்சு." கையை உடனே முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "மேடம், யார் இடிச்சாங்கன்னு கண்டுபிடிச்சுடுங்க. யாராவது ஒருத்தர் இருப்பாங்கல்ல? எங்களுக்குத் தெரியாத யாராவது?"

கடைசி வாக்கியத்தை அவள் கெஞ்சிய விதம் சர்வேயருக்கு வினோதமாகப் பட்டது. துக்கத்தில் இருப்பவர்கள் எப்படி வேண்டுமானாலும் பேசுவார்கள் என்று விட்டுவிட்டாள்.

அது தவறு என்று சாயங்காலம் தெரிந்தது.

*

டிரைவிங் ஸ்கூல் அறையில் மல்லிகை வாசனை. பூவில் வந்ததல்ல, டப்பாவில் வந்தது. அதற்கு அடியில் ஈரத் துண்டின் நாற்றம் பதுங்கியிருந்தது. அலமாரி நிறையக் கேடயங்கள். சாலைப் பாதுகாப்புச் சொற்பொழிவுக்கு, சாலைப் பாதுகாப்பு ஊர்வலத்துக்கு, சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு.

மாஸ்டர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, நாக்கில் தேன். பேசிக்கொண்டே கார் சாவியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். குடைந்ததை வெளியே எடுத்துப் பார்த்தார். மறுபடி குடைந்தார்.

"உக்காருங்க மேடம். தம்பிக்குத்தான் கத்துக்கணுமா?"

"ஆமா. வயசாகிட்டே போகுது, உருப்படியா ஒண்ணாவது கத்துக்கட்டும்."

"நன்றி அண்ணி," என்றான் கொழுந்தன். அவன் பத்து வருஷமாகக் கார் ஓட்டுகிறான்.

சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கியது. இரண்டு கார்கள் எதிரெதிரே வரும் படம். 'ஹை பீம் எப்போது?' என்று மேலே எழுதியிருந்தது. சர்வேயர் அதையே பார்ப்பதை மாஸ்டர் கவனித்தார். குரல் மேடைக் குரலாக மாறியது.

"அதான் மேடம் அஸ்திவாரமே. நம்ம ஆளுங்களுக்குக் கிளட்ச் தெரியும், கியர் தெரியும், லைட் தெரியாது. வாங்கின அன்னைக்கு ஹை பீம் போட்டவன் வண்டியை விக்கறவரைக்கும் இறக்க மாட்டான். ஹை பீம் எதுக்கு? ஊருக்கு வெளியே போறீங்க. தெருவிளக்கு இல்ல. எதிர்ல ஆள் இல்ல, முன்னால வண்டி இல்ல. தூரத்துல என்ன இருக்குன்னு தெரியணும். அப்ப போடுங்க. எதிர்ல வெளிச்சம் தெரிஞ்ச உடனே இறக்கிடணும். அவன் கண்ணு நம்ம கையில இருக்கு. முன்னால வண்டி போனாலும் இறக்கணும், இல்லைன்னா அவன் கண்ணாடியில நம்ம லைட்தான் தெரியும். ஊருக்குள்ள தொடவே கூடாது."

பேச்சில் பிழையே இல்லை. அதுதான் சர்வேயருக்குக் குமட்டியது.

"பனி பெய்யும்போது, மாஸ்டர்?"

"ஐயோ!" அவர் சாவியைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். "பனியிலயும் மழையிலயும் ஹை பீம் போட்டா வெளிச்சம் போகாது மேடம், திரும்பி வரும். ஒவ்வொரு துளியும் ஒரு கண்ணாடி. முன்னால வெள்ளைச் சுவர் கட்டிடும். போர்வையைத் தலையோட போத்திக்கிட்டு ஓட்டற மாதிரி. லோ பீம்தான், மெதுவாத்தான்."

"எவ்வளவு தெளிவா சொல்றீங்க! அந்தப் பேப்பர்காரர் கேஸ்ல நீங்கதானே சாட்சி? எல்லாரும் பேசிக்கறாங்க."

மாஸ்டரின் முகம் பூரித்தது. "கடமை மேடம். எதிர்ல வந்துக்கிட்டு இருந்தேன். ஹை பீம் வெளிச்சத்துல பளிச்சுனு தெரிஞ்சுது. வேன் அப்படியே சைக்கிளைத் தட்டி..."

கொழுந்தனுக்குப் புரையேறியது. பொய் இருமல். அவன் நடிப்பு எப்போதும் கொஞ்சம் மிகை.

"பனியில ஹை பீமா சார்?"

ஒரே ஒரு கணம் மாஸ்டரின் கண் அட்டைக்குப் போய் வந்தது. பிறகு சிரிப்பு. "அனுபவம் இருக்கறவனுக்கும் ஒரு நிமிஷம் கை தவறும்ல தம்பி? நான் மறைக்கலையே. போலீஸ்கிட்டயும் என் தப்புன்னு சொல்லித்தான் எழுதிக் குடுத்தேன். சாயங்காலம் இருட்டற நேரத்துக்கு வாங்க. முதல் வகுப்புலயே லைட் பாடம் எடுத்துடலாம்."

சாவியைக் காட்டி, "இதைப் பிடிச்சாலே பாதி தைரியம் வந்துடும்," என்று கொழுந்தனின் கையில் வைத்து அழுத்தினார்.

கொழுந்தன் சாவியைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது.

*

வாசலில் பயிற்சிக் கார் நின்றது. ஒரே கார்தான். கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை. சர்வேயர் முன்பக்கம் போய்க் குனிந்தாள். ஒரு ஹெட்லைட் கண்ணாடி பழுத்து மங்கி, பூச்சிகள் ஒட்டிக் காய்ந்து அருவருப்பாக இருந்தது. இன்னொன்று புத்தம் புதிது.

"ஒரு கண்ணுல மட்டும் புரை எடுத்திருக்காங்க," என்றான் கொழுந்தன். மேல்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அண்ணி, சோப்பு வாங்கிக் குடுங்க. இல்லைன்னா கையை வெட்டி விட்டுடுங்க."

இருவரும் எதிரே நிறுத்தியிருந்த தங்கள் காரில் ஏறினார்கள்.

"கேஸ் முடிஞ்சுது," என்றான் அவன். "பனியில ஹை பீம் போட்டா தன் பானெட்டே தெரியாது. இந்த ஆளு எதிர்ல வந்த வேன், அதுக்கு முன்னால சைக்கிள், அது விழுந்தது எல்லாம் பளிச்சுனு பார்த்தேங்கறார். அண்டப்புளுகு. வாங்க, வீட்டுக்குப் போய்க் கை கழுவலாம்."

"பொய்ங்கறது தெரியுது. ஏன் இந்தப் பொய்?"

"காது குடையறவன் என்ன வேணா செய்வான்."

"யோசி. பனியில ஹை பீம் போட்டேன்னு சொல்றது இவருக்கு அவமானம். ஊரெல்லாம் மேடை போட்டு அதைத்தான் கூடாதுன்னு சொல்றார். அந்த அவமானத்தை வலியப் போய் ஏன் சுமக்கறார்? வேன்காரர் அந்த வெளிச்சத்தை நிஜமாவே பார்த்துட்டார். அது யாரோடதுன்னு யாராவது தேட ஆரம்பிச்சுடுவாங்க. அதுக்கு முன்னாடி என்னோடதுன்னு சொல்லிட்டா தேட மாட்டாங்க. போற வண்டியை வர்ற வண்டின்னு திருப்பி வெச்சுட்டா, குற்றவாளி சாட்சியாயிடலாம்."

"அப்ப இடிச்சது இவர்தான். நான் சொன்னதும் அதான்."

"அங்கதான் இடிக்குது." சர்வேயர் டிரைவிங் ஸ்கூல் வாசலைப் பார்த்தாள். "காலம் முழுக்க ஒரே பாடத்தைச் சொல்லிக் குடுத்த கை. அது பனியில ஹை பீம் போடாது. மனுஷன் எவ்வளவு கெட்டவனா இருந்தாலும் கைக்குப் பழக்கம் போகாது."

"கை நல்ல கை, ஆள்தான் மோசம்ங்கறீங்க."

"சாயங்காலம் பாடத்துக்குப் போ. எதிர்ல வண்டி வந்தாலும் ஹை பீமை இறக்காதே. என்ன செய்யறார்னு பார்ப்போம்."

"நான்தான் சோதனை எலியா?"

"உனக்கு மீசை பொருத்தமாத்தான் இருக்கு."

*

ஸ்டியரிங் பிசுபிசுத்தது. எத்தனையோ பேரின் பயம் வியர்த்து, காய்ந்து, மறுபடி வியர்த்து ஒரு தோலாகப் படிந்திருந்தது. கொழுந்தன் விரல் நுனிகளால் மட்டும் பிடித்தான்.

"அது பூனைக்குட்டி இல்ல தம்பி, இறுக்கிப் பிடிங்க," என்றார் மாஸ்டர். அவர் இடப்பக்க சீட்டில். அவர் காலடியிலும் ஒரு பிரேக் பெடல். பயிற்சிக் கார்களில் அது கட்டாயம். கற்றுக்கொள்பவன் தடுமாறினால் மாஸ்டர் அழுத்தி நிறுத்துவதற்கு. அவர் மடியில் ஓர் இரும்பு ஸ்கேல் கிடந்தது. ஒரு முனை வளைந்திருந்தது.

"இது எதுக்கு மாஸ்டர்?" பின் சீட்டிலிருந்து சர்வேயர் கேட்டாள்.

"பாடம் மறக்காம இருக்கறதுக்கு மேடம்." சிரித்தார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. ஊரைத் தாண்டும்வரை எதிரே வந்த வண்டிகள் எல்லாமே ஹை பீமில் வந்தன. ஒன்றுகூட இறக்கவில்லை. தெருவிளக்கின் கீழே, கடைகளின் வெளிச்சத்தில், பக்கத்து வீட்டுக்குப் பால் வாங்கப் போகிறவன்கூட எதிராளியின் கண்ணைக் குருடாக்கிக்கொண்டு போனான். ஒரு காரின் ஜன்னலிலிருந்து தலை நீண்டு, நடைபாதையில் துப்பியது. நடந்து போன கிழவர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார், துப்பல் எங்கே விழுந்தது என்று தெரியாமல். சர்வேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்ஷூரன்ஸில் இருந்தபோது அவள் பார்த்த உடைந்த வண்டிகளில் பாதி, இப்படி யாரோ ஒருவர் விரலை அசைக்கச் சோம்பல்பட்டதால் உடைந்தவை.

ஏரிக்கரை ரோட்டில் தெருவிளக்கு இல்லை. எதிரேயும் யாரும் இல்லை.

"இப்ப போடுங்க ஹை பீம். பாருங்க, ரோடு கடைசிவரைக்கும் தெரியுதா? இதுக்குத்தான் அது."

கொழுந்தன் போட்டான். ஒரு கண் பிரகாசமாகவும் ஒரு கண் மஞ்சளாகவும் ரோடு விரிந்தது. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் வெளிச்சம் முளைத்தது.

"இறக்குங்க."

கொழுந்தன் இறக்கவில்லை.

"தம்பி. இறக்கு."

மோட்டார் சைக்கிள் தள்ளாடியது.

சடார்.

ஸ்கேல் கொழுந்தனின் இடது கை முட்டிகளில் விழுந்தது. அவன் "ஆ!" என்று கையை உதறினான். அந்த உதறலில் ஸ்டியரிங் திரும்பி, கார் ஓர் அடி ஓரத்துக்குப் பாய்ந்தது. மாஸ்டரின் கையே நீண்டு வந்து விளக்கை இறக்கியது. மோட்டார் சைக்கிள்காரன் ஏதோ ஒரு வசவைக் காற்றில் விட்டுவிட்டுக் கடந்து போனான். வசவு மாஸ்டரின் தாயாரைப் பற்றியது.

"அடிச்சுட்டீங்களே சார்!"

"வலிச்சாத்தான் விரல் ஞாபகம் வெச்சுக்கும். கோவிச்சுக்காதீங்க மேடம், இது என் முறை. என்கிட்ட படிச்ச எல்லாக் கையும் வாங்கியிருக்கு."

சர்வேயர் முன்னால் பார்த்தாள். ரோட்டோரம் வைக்கோல் ஏற்றிய கைவண்டி ஒன்று ஆளில்லாமல் நின்றிருந்தது. கொழுந்தனும் அதைப் பார்த்துவிட்டான். வேகத்தைக் குறைக்கவில்லை.

"பிரேக்!" என்றார் மாஸ்டர்.

கொழுந்தன் வலியில் கையை ஊதிக்கொண்டிருந்தான்.

"பிரேக்கு, பிரேக்கு!" மாஸ்டரின் கால் தன் பெடலை மிதித்தது. முழுப் பலத்தோடு மிதித்தது. பெடல் தரையைத் தொட்டது. கார் போய்க்கொண்டே இருந்தது.

மறுபடி மிதித்தார். பழைய சோபாவில் கை வைத்தது போல அது அமுங்கி எழுந்தது. அவ்வளவுதான்.

கொழுந்தன் தன் காலால் பிரேக் போட்டான். கைவண்டிக்கு முன்னால் கார் நின்றது. ஒரு வைக்கோல் கற்றை பானெட்டில் விழுந்தது.

பின் சீட்டிலிருந்து சர்வேயர் முன்னால் சாய்ந்தாள்.

"கால் வழுக்கிடுச்சு," என்றார் மாஸ்டர். நெற்றி வியர்த்திருந்தது.

"பெடலை எதோடயும் இணைக்கவே இல்லையா சார்?" கொழுந்தன் கேட்டான். "அலங்காரத்துக்கா?"

"போன வாரம்தான் கம்பி அறுந்துச்சு. மாத்தணும்."

கம்பி போன வாரம் அறுந்ததல்ல. சர்வேயர் பின்னாலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டாள். பெடலின் மூட்டில் சிலந்தி வலை கட்டி, அதில் தூசி பஞ்சு போல் தொங்கியது.

*

தங்கள் காரில் ஏறியதும் கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தான். "இறங்கும்போது பெடலைப் போட்டோ எடுத்துட்டேன். ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சேன். நான் போட்டிருக்கறது செருப்பு. நல்லவேளை, அந்த ஆளு கவனிக்கல."

"புரிஞ்சுதா இப்ப?" என்றாள் சர்வேயர். "அன்னைக்கும் அவர் இடப்பக்க சீட்டுலதான் இருந்தார். ஹை பீம் போட்டது அவர் கை இல்ல. கத்துக்கிட்டு இருந்த கை. வெள்ளைச் சுவருக்குள்ள வண்டி போகுது. இவர் வழக்கம்போல ஸ்கேலால அடிக்கறார். கை உதறுது. வண்டி ஓரத்துக்குப் பாயுது. ஓரத்துல சைக்கிள்."

"இவர் மிதிக்கறார், சிலந்தி கூடு கட்டின பெடலை." கொழுந்தன் முதல்முறையாகச் சிரிக்காமல் சொன்னான். "தூ."

"பிரேக் இல்லாத காரை வெச்சுக்கிட்டுக் கேடயம் வாங்கியிருக்கான். வெளிய தெரிஞ்சா டிரைவிங் ஸ்கூலே போச்சு. அதான் பள்ளத்துல கிடந்த மனுஷனைத் திரும்பிப் பார்க்காம போயிட்டான். தூக்கிட்டுப் போனவன் தலையிலயே பழியையும் போட்டுட்டான்." மாஸ்டருக்கு அவள் கொடுத்துவந்த 'ர்' மரியாதை போய்விட்டிருந்தது.

"சரி, ஓட்டினது யாரு? அந்த ஆள் ஏன் இன்னும் வாயைத் திறக்கல? இங்க பாருங்க அண்ணி, எப்படி வீங்கியிருக்குன்னு. நாளைக்கு இந்தக் கையால எப்படிச் சாப்பிடுவேன்?"

"நீ இடது கையாலயா சாப்பிடுவ?"

"ரெண்டு கையாலயும் சாப்பிடுவேன். உங்களுக்குத் தெரியாதா?"

காருக்குள் விளக்கைப் போட்டு அவன் கையை நீட்டினான். நான்கு முட்டிகளிலும் சாய்வாக ஒரு நீலக் கோடு. சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு சின்னக் கொக்கிக் கீறல். ஸ்கேலின் வளைந்த முனை பட்ட இடம்.

சர்வேயர் அந்தக் கையை விடவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ஆயுள் ரேகையா பார்க்கறீங்க? அது உள்பக்கம் இருக்கு."

"கதவுல கை நசுங்கினா எங்க அடிபடும்?"

"நகத்துல. நுனியில."

"முட்டியில?"

அவன் தன் கையைப் பார்த்தான். காலையில் வேன் கதவைச் சாத்த நீண்ட கையை நினைத்தான். சாவியைத் திருகினான்.

"வண்டியைத் திருப்பு," என்றாள் சர்வேயர்.

*

வேன்காரரின் வீட்டுத் தெருவில் ஒரு விளக்கும் எரியவில்லை. கார் சத்தம் கேட்டு அவர் மனைவி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"உங்க இடது கையைக் காட்டுங்க," என்றாள் சர்வேயர்.

அவள் காட்டவில்லை. ஓடவும் இல்லை.

சர்வேயர் காரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஹை பீம் போடு."

"எதிர்ல ஆள் நிக்கறாங்க அண்ணி."

"தெரியும். போட்டுட்டு நீயும் வா."

வெளிச்சம் தெருவை வெளுத்துப் போட்டது. வேன்காரரின் மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள். சர்வேயர் அவள் கையை மெல்லப் பிடித்து முந்தானைக்குள்ளிருந்து வெளியே இழுத்தாள். கொழுந்தன் தன் கையைப் பக்கத்தில் நீட்டினான். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். ஒரே சாய்வு. சுண்டுவிரலுக்குக் கீழே ஒரே கொக்கி.

கண்ணைத் திறக்காமலேயே அவள் பேசினாள்.

"அவருக்குக் கண்ணு சரியில்லைன்னு சொன்னேன்ல. சொன்னா ரோஷம் வந்துடும். நான் கத்துக்கிட்டா இருட்டு நேரத்துக்கு நான் ஓட்டலாம்னு நினைச்சேன். வாக்கிங் போறேன்னு சொல்லிட்டுத்தான் போவேன். இருட்டா இருந்தா ஹை பீம் போடணும்னு மாஸ்டர் சொல்லிக் குடுத்திருந்தாரு. போட்டேன். பனியில போடக்கூடாதுங்கற பாடம் இன்னும் வரல, அக்கா."

மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று இருவருமே கவனிக்கவில்லை.

"முன்னால எல்லாம் வெள்ளை. அவரு கையில அடிச்சாரு. கை போயிடுச்சு. டொம்முனு ஒரு சத்தம். நிறுத்தட்டுமான்னு கேட்டேன். நாய்தான், போ போன்னாரு. அன்னைக்குச் சாயங்காலம் இவரைப் பிடிச்சுட்டுப் போனதும் மாஸ்டர்கிட்ட ஓடினேன். நாம இடிச்சது நாய்தான், நான் கண்ணாடியில பார்த்தேன், மனுஷனை இடிச்சது பின்னால வந்த உன் வீட்டுக்காரன்னு சொன்னாரு. வாயைத் திறந்தா லைசென்ஸ் இல்லாம ஓட்டினதுக்கு உன்னையும் சேர்த்து உள்ள போடுவாங்கன்னாரு."

"நம்பினீங்களா?"

"நம்பணும்னு ஆசைப்பட்டேன். தினமும் அந்த ரோட்டுக்குப் போனேன், அக்கா. ரெண்டு பக்கமும் பள்ளத்துல இறங்கித் தேடினேன். ஒரு செத்த நாய் கிடைக்காதான்னு." தலையை ஆட்டினாள். "இல்ல. எங்க வீட்டுக்காரரு இடிச்சிருக்கணும், இல்ல நான் இடிச்சிருக்கணும். மூணாவதா யாராவது இருக்கட்டும்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

சர்வேயருக்கு மல்லிகை டப்பாவின் வாசனை இன்னும் உடம்பில் ஒட்டியிருப்பது போல இருந்தது.

"மூணாவது ஆள் இருக்கான்," என்றாள். "உங்க பக்கத்து சீட்டுல இருந்தான்."

"நான் ஸ்டேஷனுக்குப் போனா இவரை விட்டுடுவாங்களா?"

"விடுவாங்க."

"என்னை?"

சர்வேயர் பூசி மெழுகவில்லை. "உடனே விட மாட்டாங்க. ஆனா அந்த ஸ்கேலும் செத்த பெடலும் உடைஞ்சு மாத்தின ஹெட்லைட் கண்ணாடியும் உங்ககூடவே வரும். அவன் அந்தக் கார்ல உக்காந்திருந்தான்ங்கறதுக்கு உங்க கைதான் சாட்சி. இன்னும் ரெண்டு நாள் போனா அது மறைஞ்சுடும். அவன் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்."

அவள் தன் கையைப் பார்க்கக் கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. இந்தமுறை மூடவில்லை.

"இப்படித்தான் இருந்துச்சு," என்றாள். "இதே மாதிரி வெள்ளையா. ஒண்ணுமே தெரியல."

பிறகு கையைத் தானே நீட்டி, விரல்களை மடக்கி, முட்டிகள் தெரியும்படி வைத்தாள்.

"எடுங்க."

சர்வேயர் படம் எடுத்தாள். வேன்காரரின் மனைவி வீட்டைப் பூட்டிவிட்டு வந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாவியை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தெரு முனையில் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. யாரும் சொல்லாமலேயே கொழுந்தன் விளக்கை இறக்கினான்.